இதற்குள் எந்த ஊர் இருக்கிறது?

அப்பா முதல் முறையாக சிட்னிக்கு வந்திருந்தபோது, ஒப்பேரா ஹவுஸையும் துறைமுகப் பாலத்தையும் ஒரே பகலில் பார்த்து முடித்துவிட்டார். இரண்டுமே அவருக்குப் பெரிதாகப் படவில்லை. "இங்க அணை ஏதும் இல்லையா?" என்று கேட்டார். மேட்டூர்க்காரர் வேறு என்ன கேட்பார்? அடுத்த சனிக்கிழமை வாரகம்பாவுக்கு அழைத்துப் போனேன். நகரத்திலிருந்து மேற்கே ஏறத்தாழ 65 கிலோமீட்டர். பார்வை மேடையில் நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு இரண்டு கேள்விகள் கேட்டார்.

"மொத்தம் எத்தனை டி.எம்.சி.?"

கைபேசியில் தேடிக் கணக்குப் போட்டுச் சொன்னேன். சுமார் 72.

"மேட்டூர் தொண்ணூத்தி மூணரை" என்றார். குரலில் ஒரு திருப்தி. அதன் பிறகு இரண்டாவது கேள்வி.

"இதுக்குள்ள எந்த ஊரு இருக்குது, சாமி?"

பதினைந்து ஆண்டுகளாக அந்தத் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்த எனக்குப் பதில் தெரியவில்லை. ஊர் இருக்குமா என்று யோசித்ததுகூட இல்லை. அப்பாவுக்கு அது இயல்பான கேள்வி. அவருடைய அப்பா சிறுவனாக இருந்தபோது, மேட்டூர் அணைக்காகப் பண்ணவாடிப் பக்கத்திலிருந்து மாட்டு வண்டியில் சாமான்களை ஏற்றிக்கொண்டு மேச்சேரிப் பக்கம் குடியேறிய குடும்பம் எங்களுடையது. அணை என்றால் சுவர், தண்ணீர், அடியில் ஓர் ஊர். எங்கள் வீட்டில் மூன்றும் சேர்ந்துதான் அணை.

இந்தக் கட்டுரை அந்த இரண்டாவது கேள்விக்கான பதில். முதல் கேள்வியிலிருந்து தொடங்கினால்தான் அங்கே போய்ச் சேர முடியும்.

*

சிட்னியின் வரலாற்றைத் தண்ணீர்ப் பஞ்சத்தின் வரலாறாகவும் எழுதலாம். 1788-இல் ஆங்கிலேயர் வந்து இறங்கிய இடத்தைத் தீர்மானித்ததே ஓர் ஓடைதான். சில ஆண்டுகளில் மழை பொய்க்க, ஓடைக்கரை மணற்பாறையில் தொட்டிகள் வெட்டினார்கள். ஓடைக்கு 'டேங்க் ஸ்ட்ரீம்' என்று பெயர் வந்தது. நம் ஊர் ஏரிகளையும் குளங்களையும் வெள்ளைக்காரன் 'டேங்க்' என்றுதான் எழுதிவைத்தான் என்பதை நினைத்தால் அந்தப் பெயர் அந்நியமாகத் தோன்றாது. அதே ஓடையில் பன்றி வளர்த்து, சாக்கடை விட்டு, சீக்கிரமே அதைப் பாழாக்கினார்கள். பிறகு நகரத்துக்குள் இருந்த சதுப்பு நிலங்களுக்குப் போனார்கள். அவையும் போதவில்லை. 1888-இல் நேப்பியன் ஆற்றின் மேற்பகுதியிலிருந்து கால்வாய் வெட்டி, பிராஸ்பெக்டில் ஒரு மண்ணணை கட்டி நீரைத் தேக்கினார்கள். இன்று வென்ட்வர்த்வில், பெண்டில் ஹில், கிராவீன் என்று நம்மவர்கள் நிறைந்து வாழும் பகுதிகளுக்குப் பக்கத்தில் இருக்கும் அதே பிராஸ்பெக்ட்தான். அடுத்து நேப்பியனின் கிளைகளில் கேட்டராக்ட் (1907), கார்டோ (1926), ஏவான் (1927), நேப்பியன் (1935) என நான்கு அணைகள்.

வாரகம்பா பள்ளத்தை ஓர் அணைக்கு ஏற்ற இடமாக, நாடு சுற்றிய போலந்துக்காரர் ஸ்டிரெலெக்கி 1845-லேயே கண்டிருந்தார். பெரிய நிலப்பரப்பின் ஆறுகள் எல்லாம் வந்து ஒரு குறுகலான பாறை இடுக்கு வழியாக வெளியேறும் இடம் அது. காக்ஸ், வொல்லண்டில்லி, நாட்டை, கௌமங் ஆகிய ஆறுகள் 9,000 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட நிலத்து மழையைக் கொண்டுவருகின்றன. இடுக்கை அடைத்தால் பின்னால் இருக்கும் பள்ளத்தாக்கு முழுவதும் பாத்திரமாகிவிடும். ஆனாலும் நூறு ஆண்டுகள் யாரும் கை வைக்கவில்லை. 1934 முதல் 1942 வரை நீடித்த வறட்சிதான் தீர்மானித்தது. 1940-இல் அவசரத்துக்கு ஒரு சிறிய தடுப்பணை கட்டி நீரேற்றினார்கள். போர் முடிந்ததும், 1948-இல், பெரிய அணையின் வேலை தொடங்கியது. 1960 அக்டோபர் 14 அன்று திறந்தார்கள்.

மேட்டூரோடு ஒப்பிட்டால் இரண்டும் இரண்டு வகை. மேட்டூர் நீண்டது: 1,600 மீட்டருக்கு மேல் நீளம், உயரம் 65 மீட்டர்தான். வாரகம்பாவின் நீளம் 351 மீட்டர், உயரம் 142 மீட்டர். 142 என்ற எண்ணைக் கேட்டதும் தமிழ்நாட்டுக்காரர்களுக்கு முல்லைப் பெரியாறுதான் நினைவுக்கு வரும். அங்கே அது அடி, இங்கே மீட்டர். அடிப்பகுதியில் சுவரின் தடிமன் 104 மீட்டர். மொத்தம் 30 லட்சம் டன் கான்கிரீட். வளைவு அணை இல்லை. தன் எடையாலேயே தண்ணீரைத் தாங்கி நிற்கும் வகை.

இவ்வளவு கான்கிரீட்டை ஓரிடத்தில் கொட்டுவதில் ஒரு சிக்கல் உண்டு. சிமெண்ட் நீரோடு சேர்ந்து இறுகும்போது சூடு வெளிப்படும். வீட்டுச் சுவரில் அந்தச் சூடு உடனே ஆறிவிடும். நூறு மீட்டர் தடிமனுள்ள சுவரின் நடுவில் அது பல ஆண்டுகள் தங்கும். வெளிப்பக்கம் குளிர்ந்து சுருங்க, உள்பக்கம் சூட்டில் விரிந்தே இருக்க, சுவர் வெடிக்கும். அதனால் அணையை ஒரே பாளமாக வார்க்காமல், ஒன்றோடு ஒன்று கோத்துக்கொள்ளும் தனித்தனிக் கட்டிகளாக வார்த்தார்கள். கலவையில் ஐஸ் சேர்த்தார்கள். அணை கட்டும் இடத்தில் ஐஸ் தயாரித்ததை அப்பாவிடம் சொன்னபோது முதலில் நம்பவில்லை. மணலும் ஜல்லியும் நேப்பியன் ஆற்றின் மெக்கான்ஸ் தீவிலிருந்து தொங்கு கம்பிகளில் வாளி வாளியாக வந்தன.

வேலை செய்தவர்களில் பலர் போருக்குப் பிறகு ஐரோப்பாவிலிருந்து கப்பலேறி வந்தவர்கள். வெள்ளையர் மட்டும் குடியேறலாம் என்ற கொள்கை நடப்பில் இருந்த காலம்; நம்மைப் போன்றவர்களுக்கு அப்போது இங்கே இடமில்லை. அவர்கள் தங்குவதற்கென எழுந்த வாரகம்பா ஊர் இன்றும் இருக்கிறது. கட்டுமானத்தில் 14 பேர் இறந்தார்கள். சிட்னி வட்டார அணைகளில் சேமிக்க முடிகிற நீரில் ஐந்தில் நான்கு பங்கு அவர்கள் கட்டிய சுவருக்குப் பின்னால்தான் நிற்கிறது. சிட்னி துறைமுகத்தில் இருக்கும் நீரைப் போல நான்கு மடங்கு. அந்த ஏரிக்குப் பெயர் பரகொராங்.

*

பரகொராங் என்பது ஏரியின் பெயர் அல்ல, பள்ளத்தாக்கின் பெயர். அப்பாவின் கேள்விக்கான பதில் அந்தப் பெயரிலேயே இருந்தது. பெயர்ப்பலகையைப் படித்தவன், அது எதன் பெயர் என்று கேட்டதில்லை, அவ்வளவுதான்.

குந்துங்குர்ரா மக்களின் நிலம் அது. அந்த ஆறுகள் எப்படி உண்டாயின என்பதற்கு அவர்களிடம் ஒரு கதை உண்டு. நில அளவையாளராக இருந்து மக்கள் வழக்காறுகளைத் தொகுத்த ஆர். எச். மாத்யூஸ் அதைக் கேட்டு எழுதி 1908-இல் வெளியிட்டார். குரங்காட்ச் என்றொரு பேருயிர். பெயரில் குரங்கு இருந்தாலும் அது பாதி மீன், பாதி ஊர்வன. ஆழமான மடுவில் கிடந்த அதை மிரகன் என்ற வேட்டைக்காரன் பார்த்துவிட்டான். மிரகன் புள்ளி போட்ட காட்டுப் பூனை போன்ற விலங்கினத்தைச் சேர்ந்தவன். மரப்பட்டைகளைக் கொண்டுவந்து மடுவில் போட்டுத் தண்ணீரை நஞ்சாக்கினான். குரங்காட்ச் நிலத்தைக் கிழித்துக்கொண்டு தப்பி ஓடியது. அது கிழித்த வழியெல்லாம் தண்ணீர் பின்தொடர்ந்து வந்து ஆறாயிற்று. மிரகன் துரத்தினான். மலைக்குள் புகுந்தால் மேலிருந்து குத்தினான். சண்டையிட்ட இடங்கள் மடுக்கள் ஆயின. கடைசியில் ஆழமான ஒரு மடுவில் குரங்காட்ச் ஒளிந்துகொள்ள, மிரகன் நீர்ப்பறவைகளை உதவிக்கு அழைத்தான். ஒவ்வொன்றாக மூழ்கிப் பார்த்தன. ஒரு நீர்க்காகம் மட்டும் அடிவரை போய் அதன் உடலிலிருந்து ஒரு துண்டுச் சதையைக் கொத்தி வந்தது. அத்தோடு வேட்டை முடிந்தது. எல்லோரும் சமைத்து உண்டுவிட்டு வீடு திரும்பினார்கள்.

இதைப் புராணம் என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் கதையில் வரும் ஒவ்வொரு மடுவுக்கும் திருப்பத்துக்கும் பெயர் உண்டு. வரைபடத்தில் வைத்துப் பார்த்தால் வொல்லண்டில்லியும் காக்ஸும் ஓடும் வழி அது. நம் தல புராணங்களைப் போல, நடந்து போகிறவன் வழி தவறாமலிருக்கவும் உதவும் கதை. அதன் இடங்களில் பல இன்று தண்ணீருக்கு அடியில் இருக்கின்றன. குரங்காட்ச் உண்டாக்கிய மடுக்களை அதைவிடப் பெரிய ஒரு மடு விழுங்கிவிட்டது.

1802-இல் பாராலியே என்ற பிரெஞ்சு அதிகாரி, பழங்குடி மக்கள் வழிகாட்ட, இந்தப் பகுதிக்குள் வந்தார். 1820-களில் வெள்ளை விவசாயிகள் வந்தார்கள். நல்ல வண்டல் மண். சோளம், மாட்டுப் பண்ணை, பழத்தோட்டம். பிறகு தேவாலயம், பள்ளிக்கூடம், தபால் நிலையம். 1920-களில் சிட்னிக்காரர்கள் விடுமுறைக்கு வந்து தங்கும் விடுதிகளும் வந்தன.

குந்துங்குர்ரா மக்கள் இவற்றுக்கு நடுவில் காணாமல் போய்விடவில்லை. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சில குடும்பங்கள் சட்டப்படி விண்ணப்பித்துத் தங்கள் சொந்த மண்ணிலேயே துண்டு துண்டாக நிலம் பெற்று விவசாயம் செய்தன. வில்லியம் ரஸ்ஸல் என்ற பெயரில் அறியப்பட்ட வெர்ரிபெர்ரி தன் நினைவுகளைச் சொல்ல, அவை 1914-இல் ஒரு சிறு நூலாக வந்தன. அந்த ஆண்டே அவர் இறந்தும் போனார். ஆனால் நிலம் நிலைக்கவில்லை. பல குடும்பங்கள் மலை மேலே கட்டூம்பாவுக்குக் குடிபெயர்ந்து, 'தி கல்லி' என்று அழைக்கப்பட்ட ஓர் ஓடைப் பள்ளத்தில் வீடு கட்டிக்கொண்டன.

அணைக்கான முடிவு வந்ததும், பள்ளத்தாக்கில் மீதமிருந்தவர்களின் நிலங்களை நீர் வாரியம் வாங்கத் தொடங்கியது. எதிர்ப்பு இருந்தது, பயனில்லை. 1950-களில் பள்ளத்தாக்கு காலியானது. கட்டடங்களை இடித்தார்கள். மிதந்து வந்து மதகில் சிக்கக்கூடாது என்று மரங்களை வெட்டிச் சாய்த்தார்கள். தண்ணீர் மெல்ல ஏறியது.

கட்டூம்பாவின் கல்லிக்கு என்ன ஆயிற்று என்று தேடியபோதுதான் என்னால் அன்றிரவு மேற்கொண்டு படிக்க முடியாமல் போனது. அந்தப் பள்ளத்தில் ஓடையைத் தேக்கி ஏரி அமைத்து, அதில் பழைய கேட்டலைனா பறக்கும் படகு விமானம் ஒன்றை வேடிக்கைக்கு நிறுத்தியிருந்தார் ஒரு வியாபாரி. 1957-இல் அந்த ஏரியைச் சுற்றி கார்ப் பந்தயத் தடம் அமைக்க முடிவு செய்து, அங்கிருந்த குடும்பங்களை வெளியேற்றினார்கள். வீடுகளின் மேல் தார் போட்டார்கள். கீழே பள்ளத்தாக்கில் அணை எழுந்துகொண்டிருந்த அதே ஆண்டுகள் அவை. முன்னோரின் ஊர் தண்ணீருக்காக. புது ஊர் கார்ப் பந்தயத்துக்காக. 2002-இல் கல்லி பழங்குடியினருக்கு உரிய சிறப்பிடமாக அறிவிக்கப்பட்டது. பந்தயத் தடத்தின் தார் இன்னும் அங்கே கிடக்கிறது. புல் முளைத்த அந்தத் தாரில் நான் நடந்திருக்கிறேன்.

*

மேட்டூரில் தண்ணீர் இறங்கினால் ஊர் வெளியே வரும். முதலில் பண்ணவாடித் தேவாலயத்தின் கோபுரம். இன்னும் இறங்கினால் ஜலகண்டேஸ்வரர் கோயிலின் நந்தி. பத்திரிகைகள் படம் போடும்; ஜனங்கள் பரிசலில் போய்ப் பார்ப்பார்கள். டெல்டாக்காரனுக்கு அது கெட்ட செய்தி. ஜூன் 12-இல் மதகு திறக்காது, குறுவை போய்விட்டது என்று அர்த்தம். எங்கள் தாத்தாவுக்கு அது ஊருக்குப் போகும் காலம். நீர் வடிந்த சேற்றில் ஜனங்கள் சோளமும் கேழ்வரகும் நிலக்கடலையும் போடுவார்கள். 'நம்ம கிணறு இங்கதான் இருந்துச்சு' என்று தாத்தா குச்சியால் தட்டிக் காட்டியதை அப்பா பார்த்திருக்கிறார். தஞ்சாவூர் அழும்போது நாம் சந்தோஷப்படுகிறோமே என்று தாத்தாவுக்கு உறுத்தல் உண்டாம். ஆனாலும் போவார்.

பரகொராங்குக்கு அப்படி ஒரு கோடை இல்லை. இடித்துவிட்டதால் வெளியே வரக் கோபுரம் இல்லை. வந்தாலும் யாரும் போக முடியாது. குடிநீர் என்பதால் ஏரியின் கரையிலிருந்து மூன்று கிலோமீட்டர் தூரத்துக்குள் யாரும் நுழையக்கூடாது. மீறினால் கடுமையான அபராதம். பள்ளத்தாக்கைப் பிறந்த மண்ணாகக் கொண்டவர்களும் மேலே பாறை விளிம்பில் நின்று பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

இந்த இதழின் வாசகர்களில் பாதிப்பேர் ஈழத்திலிருந்து வந்தவர்கள். அணை என்றால் உங்களுக்கு வேறொரு நினைவும் வரும். 1950-களின் தொடக்கத்தில் கல்லோயாவில் நீர் நிறைந்தபோது, அது மூழ்கடித்ததைவிட அது உண்டாக்கிய வயல்களில் யார் குடியேற்றப்பட்டார்கள் என்பதே பிரச்சினையாயிற்று. 1956-இல் அங்கே தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். தண்ணீரைத் தேக்குவது பொறியியல். மேலே யார் மூழ்குவது, கீழே யார் குடியேறுவது என்பதை அரசுகள் தீர்மானிக்கின்றன. மேட்டூர், கல்லோயா, வாரகம்பா மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகே இது எனக்குப் பிடிபட்டது.

*

வாரகம்பாவின் பயன் ஏறக்குறைய ஒன்றே ஒன்று: குடிநீர். அதை நம்பிக் குறுவையும் சம்பாவும் கிடையாது. இரண்டு பெரிய குழாய்கள் 27 கிலோமீட்டர் ஓடி நீரைப் பிராஸ்பெக்டுக்குக் கொண்டுவருகின்றன. அங்கே சுத்திகரித்து நம் வீடுகளுக்கு வருகிறது.

2003-இல் நான் மேற்படிப்புக்காக வந்து இறங்கியபோது வறட்சி. அக்டோபரிலிருந்து தண்ணீர்க் கட்டுப்பாடு. சேலத்திலிருந்து தப்பித்து வந்து இங்கேயும் தண்ணீர்க் கஷ்டமா என்று சிரித்துக்கொண்டோம். 2007 தொடக்கத்தில் இருப்பு மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியது. பயந்துபோய்க் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையைக் கர்னெல்லில் கட்டினார்கள். 2010-இல் அது ஓடத் தொடங்கியபோது மழை வந்துவிட்டது. அதற்கும் முன்பே, 1998-இல், குழாய் நீரில் கிரிப்டோஸ்போரிடியம், ஜியார்டியா கிருமிகள் இருப்பதாகச் சொல்லி நகரம் முழுவதையும் வாரக்கணக்கில் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். 2019 இறுதியில் ஏரியைச் சுற்றியிருந்த காடு எரிந்தது. சாம்பல் குழாய்க்குள் போய்விடாதபடி நீரின் மேல் மிதக்கும் தடுப்புகளைக் கட்டினார்கள். 2020 பிப்ரவரியில் கொட்டிய மழையில், பாதிக்கும் கீழே இருந்த அணை சில நாட்களில் மளமளவென்று ஏறியது.

அத்தோடு பிரச்சினை தலைகீழானது. 2021 மார்ச், 2022 மார்ச், 2022 ஜூலை என்று அணை நிரம்பி வழிந்தது. அணைக்குக் கீழே நேப்பியன்–ஹாக்ஸ்பரி சமவெளி ஒரு குளியல் தொட்டி போன்றது. பல ஆறுகள் வந்து சேர்கின்றன. வெளியேறும் வழியோ ஒரு குறுகிய மலையிடுக்கு. உள்ளே வருவது வேகம், வெளியே போவது மெதுவு. 1867 ஜூனில் வந்த வெள்ளத்தில் வின்ட்சர் அருகே ஈதர் என்ற ஒரே குடும்பத்தின் 12 பேர், தாய்களும் பிள்ளைகளுமாக, அடித்துச் செல்லப்பட்டார்கள். 2022 ஜூலையில் வின்ட்சரில் நீர் 13.9 மீட்டர் உயர்ந்தது. 1867-இல் அதைவிட ஐந்து மீட்டருக்கு மேல் அதிகம்.

2021-இல் நாங்கள் ரிவர்ஸ்டோன் பக்கம் ஒரு மனைக்கு முன்பணம் கொடுக்கும் நிலையில் இருந்தோம். பிள்ளைகளுக்குத் தனித்தனி அறை, கார் நிறுத்த இரண்டு இடம், பூஜை அறை எல்லாம் வரைபடத்தில் இருந்தன. மார்ச் வெள்ளத்தின்போது அந்தத் தெருவுக்குப் போகும் சாலை தண்ணீருக்குள் இருந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். மனையை விட்டுவிட்டோம். எங்கள் நண்பர்கள் பலர் ஏற்கெனவே வாங்கியிருந்தார்கள். வாரகம்பாச் சுவரை 14 மீட்டர் உயர்த்தி, அந்தக் கூடுதல் இடத்தை வெள்ளத்துக்கென்று காலியாக வைத்திருக்கலாம் என்று 2016-இலிருந்து அரசிடம் ஒரு திட்டம் இருந்தது. டூங்காபியில் ஒரு நண்பர் வீட்டு விருந்தில் இதைப் பற்றிப் பேச்சு வந்தது. நான் பலமாக ஆதரித்துப் பேசினேன். கணினித் துறையில் இதைத்தான் செய்கிறோம்: சுமை எதிர்பாராமல் ஏறினால் தாங்குவதற்குக் கொஞ்சம் இடம் எப்போதும் காலியாக இருக்க வேண்டும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று கேட்டேன். சோற்றில் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள்.

அப்பா கேட்டிருந்த கேள்விக்கான பதிலை அதன் பிறகுதான் முழுமையாகத் தேடிப் படித்தேன்.

14 மீட்டர் சுவர் எழுந்தால், வெள்ளக் காலத்தில் நீர் பின்னால் இதுவரை போகாத இடங்களுக்குப் போகும். அங்கே குந்துங்குர்ரா மக்களின் பாறை ஓவியங்கள், தங்குமிடங்கள், நூற்றுக்கணக்கான தொன்மைத் தடங்கள். குரங்காட்ச் கதையில் இன்னும் மூழ்காமல் மிஞ்சியிருக்கும் இடங்களும் அங்கேதான். 2000-இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்த ப்ளூ மவுண்டன்ஸ் காடுகளின் ஒரு பகுதியும் மூழ்கும். ஒருமுறை இழந்தவர்களிடம் மீதியையும் கேட்கிறோம். இந்த முறை கேட்பவர்களில் நானும் ஒருவன்.

*

குடிநீருக்குக் கட்டிய அணையை வெள்ளத்தடுப்புக்குப் பயன்படுத்த முடியுமா என்பது பழைய கேள்வி. குடிநீருக்கு அணை நிறைந்திருக்க வேண்டும். வெள்ளத்தைத் தடுக்கக் காலியாக இருக்க வேண்டும். 2015 டிசம்பர் 1 இரவு செம்பரம்பாக்கத்தில் நடந்ததை நம்மில் பலர் மறந்திருக்க முடியாது. கோடைக்கென்று நிரப்பி வைத்த ஏரி, மேலும் மழை, விநாடிக்கு 29,000 கன அடி திறப்பு, அடையாற்றங்கரை வீடுகளின் மாடி வரை தண்ணீர். முன்கூட்டியே திறந்திருக்க வேண்டும் என்று எல்லோரும் சொன்னோம். திறந்த பிறகு மழை வராமல் போயிருந்தால், அடுத்த கோடையில் குடத்தோடு நின்றிருப்போம்.

ஆஸ்திரேலியாவிலும் இந்தக் கேள்வியை ஆராய நமக்குத் தெரிந்த ஒருவர் வந்திருக்கிறார். 1893-இல் பிரிஸ்பேன் நகரம் பெரும் வெள்ளங்களைக் கண்டது. அந்த ஆற்றின் வெள்ளத்தைக் குறைக்க வழி சொல்லும்படி குயின்ஸ்லாந்து அரசு அழைத்தது, ஓய்வு பெற்றிருந்த கர்னல் ஜான் பென்னிகுயிக்கை. ஆம், தேனி மாவட்டத்தில் வீட்டுக்கு வீடு படம் மாட்டியிருக்கும் அதே பென்னிகுயிக். முல்லைப் பெரியாறு 1895-இல் முடிந்தது. 1899-இல் அவருடைய பிரிஸ்பேன் அறிக்கை வெளிவந்தது. பின்னாளில் அங்கே சோமர்செட், வைவன்ஹோ என்று குடிநீருக்கும் வெள்ளத்துக்கும் சேர்த்தே அணைகள் கட்டினார்கள். வைவன்ஹோவில் வெள்ளத்துக்கென்று தனி இடம் உண்டு. இருந்தும் 2011 ஜனவரியில் நகரம் மூழ்கியது. எப்போது, எவ்வளவு திறந்திருக்க வேண்டும் என்ற வழக்கு நீதிமன்றத்தில் பல ஆண்டுகள் நடந்தது. சுவர் உயர்ந்தால் ஆபத்து குறையும், தீராது. ஹாக்ஸ்பரியில் நிலைமை இன்னும் சிக்கல்: அணைக்குக் கீழே சேரும் ஆறுகளும் உண்டு, அவற்றின் வெள்ளத்தை வாரகம்பாவால் எதுவும் செய்ய முடியாது. அதோடு, சுவர் உயர்ந்துவிட்டது என்ற நம்பிக்கையில் சமவெளியில் இன்னும் ஆயிரக்கணக்கான வீடுகள் எழும். அவற்றில் நம் வீடுகளும் இருக்கும்.

2023-இல் வந்த புதிய மாநில அரசு சுவரை உயர்த்தும் திட்டத்தைக் கைவிட்டது. அதே ஆண்டு மார்ஸ்டன் பார்க் வடக்கில் திட்டமிட்டிருந்த வீடுகளையும் வெள்ள அபாயம் காரணமாக நிறுத்தியது. இரண்டாவது முடிவைப் பற்றி யாரும் அதிகம் பேசவில்லை. எனக்கு அதுதான் சரியான விடையாகப் படுகிறது. தண்ணீர் வரும் இடத்தில் வீடு கட்டாமலிருப்பது. ஏற்கெனவே இருப்பவர்கள் வெளியேற நல்ல சாலை போடுவது. கடல்நீர் ஆலையைக் கூடுதலாக ஓட்டி அணையின் இருப்பைச் சற்றுக் குறைவாக வைத்துக்கொள்வது. இவற்றுக்கெல்லாம் செலவு உண்டு. அந்தச் செலவை ஐம்பது லட்சம் பேர் பகிர்ந்துகொள்ளலாம். சுவரின் செலவில் ஒரு பகுதியைக் குந்துங்குர்ரா மக்கள் மட்டுமே கட்ட வேண்டியிருக்கும்.

டூங்காபி நண்பரிடம் இதைச் சொன்னேன். அவர் வீடு வின்ட்சர் போகும் வழியில் இருக்கிறது. "உனக்கென்னப்பா, நீ மனை வாங்கலை" என்றார். நியாயமான பேச்சு. மறுத்துச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. அவருடைய வீட்டுக் காப்பீட்டுத் தொகை இரண்டு மடங்குக்கு மேல் ஏறிவிட்டது. நான் எழுதுவது அவரைப் பாதிக்கிறது, என்னைப் பாதிக்கவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்துவிட வேண்டும்.

போன கோடையில் மேட்டூரில் தண்ணீர் இறங்கியபோது அப்பா நந்தியின் படத்தை அனுப்பியிருந்தார். தொலைபேசியில் பேசும்போது, அங்கே நீ ஒரு அணைக்குக் கூட்டிப் போனாயே, அதற்குள் எந்த ஊர் என்று கண்டுபிடித்தாயா என்று கேட்டார். பரகொராங் என்றேன். இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். அவர் வாயில் அது சரியாக வரவில்லை. மூன்றாவது முறை வந்தது.

"கோயில் ஏதாச்சும் இருந்துச்சா?"

இருந்தது என்றேன். குரங்காட்ச் கதையை முழுவதும் சொன்னேன். நீர்க்காகம் சதையைக் கொத்திக்கொண்டு மேலே வந்த இடத்தில் அவர் "ம்" என்றார்.